ஒரே பற்றை, இரண்டு நிறம்: காட்டுப் பூவின் நிறம் எங்கிருந்து வருகிறது?

வன்னியில் வீதியோரம் ஓர் எருக்கலை ஊதா நிறத்தில் பூத்து நிற்கும். பத்தடி தள்ளி இன்னோர் எருக்கலை நிற்கும். அதன் பூ முழு வெள்ளை. ஏன் இப்படி என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மண் அப்பிடி" என்று பதில் வரும். பத்தடிக்குள் மண் எப்படி மாறியது என்று திருப்பிக் கேட்டால், "அடியில மாறியிருக்கும்" என்பார்கள். செம்மண்ணில் சிவப்புப் பூ கூடுதலாக வரும், முருங்கன் பக்கத்துக் கரிய களியில் நிறம் கடுமையாக வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம். வேர் அதை உறிஞ்சி மேலே கொண்டுபோய் இதழில் பூசுவதில்லை. பூவின் நிறம் இதழுக்குள்ளேயே தயாராகிறது. மண்ணுக்கும் பூ நிறத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடர்பு உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடச் சிறியது. அதுவும் எல்லாச் செடிக்கும் பொருந்தாது.

குழப்பத்துக்குக் காரணம், நான்கு வேறு விஷயங்களை ஒரே கேள்வியாகப் போட்டுக் கேட்பதுதான். இரண்டு தனிச் செடிகளுக்கு இடையில் நிறம் வேறுபடலாம். ஒரே பூ, மலர்ந்த நாளில் ஒரு நிறமும் வாடப்போகும் நாளில் இன்னொரு நிறமுமாக இருக்கலாம். ஒரே செடி மாரியில் கடுமையாகவும் கோடையில் வெளுத்தும் பூக்கலாம். அல்லது நாம் ஒன்றென்று நினைப்பவை உண்மையில் இரண்டு வேறு இனங்களாக இருக்கலாம். இந்த நான்குக்கும் ஒரே பதில் கிடையாது.

இதழுக்குள் இருக்கும் சாயம்

ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்பும் பொருளுக்கு நிறமி என்று பெயர். நம்முடைய பற்றைக்காட்டுப் பூக்களில் பெரும்பாலானவற்றை விளங்கிக்கொள்ள இரண்டு நிறமிக் குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று கரோட்டினொயிட். மஞ்சள், செம்மஞ்சள் நிறங்கள் அதிகமாக இதனால் வருபவை. பூசணிப் பூவில் இருப்பதும் பப்பாசிப் பழத்தில் இருப்பதும் இதுதான். இது தண்ணீரில் கரையாது. கலத்துக்குள் நிறவுருமணி எனப்படும் சிறு மணிகளில் இருக்கும். மற்றையது அந்தோசயனின். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்ற பெரிய வரிசையே இதன் கையில் இருக்கிறது. இது தண்ணீரில் கரையும். கலத்தின் நடுவே நீர் நிரம்பிய பை போல இருக்கும் புன்வெற்றிடத்தில் கரைந்து கிடக்கும். செவ்வரத்தை இதழைச் சுடுநீரில் போட்டால் நீர் நிறமாவது அதனால்தான். கரோட்டினொயிட் அப்படித் தண்ணீரில் இறங்காது.

அப்படியென்றால் வெள்ளை நிறமி எது? பூக்களில் அப்படி ஒன்று இல்லை. வெள்ளை இதழில் கண்ணுக்குத் தெரியும் நிறமி கிட்டத்தட்டக் கிடையாது. கலங்களுக்கு இடையே இருக்கும் காற்று ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு நந்தியாவட்டை இதழை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். காற்று வெளியேறி, அழுத்திய இடம் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். வெள்ளை போய்விட்டது, போவதற்கு அங்கே சாயம் எதுவும் இருக்கவும் இல்லை.

ஆகவே ஊதா எருக்கலைக்கும் வெள்ளெருக்குக்கும் உள்ள வேறுபாட்டை "இரண்டு சாயம்" என்று நினைக்கக் கூடாது. ஒன்று அந்தோசயனினை ஆக்குகிறது, மற்றது ஆக்கவில்லை. ஏன் ஆக்கவில்லை என்பதுதான் இனிக் கேள்வி.

நெல் அரிசியாகும் வழி

வன்னி ஆட்களுக்கு இதை விளக்க நெல்லைவிட நல்ல வழி இல்லை. வயலிலிருந்து வரும் நெல் நேரே சோறாகிவிடுவதில்லை. ஊறவைக்க வேண்டும், அவிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், மில்லில் குற்ற வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். முதல் ஆள் முடித்ததைத்தான் அடுத்த ஆள் எடுத்துச் செய்வார்.

அந்தோசயனினும் இப்படிப் படிப்படியாகத்தான் உருவாகிறது. செடியில் எப்போதும் கிடைக்கும் ஓர் எளிய பொருளில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சிறு மாற்றம் செய்து, கடைசியில் நிறமுள்ள பொருளாக்குகிறார்கள். அந்த ஆட்களுக்கு நொதியங்கள் என்று பெயர். உயிரின் இரசாயன வேலைகளை நடத்தும் புரதங்கள் அவை. ஒவ்வொரு நொதியத்தையும் எப்படிக் கட்டுவது என்ற தகவல் செடியின் டி.என்.ஏ.யில் ஒரு துண்டாக இருக்கிறது. அந்தத் துண்டுதான் பரம்பரையலகு.

மில்காரர் வராவிட்டால் அன்றைக்கு அரிசியே இல்லை. அதேபோல் பொதுவான படிகளில் ஒரு நொதியம் பழுதாகிவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்; பூ வெள்ளையாகும். ஆனால் அவிக்கும் ஆள் மட்டும் வராவிட்டால்? நெல்லைக் காயவைத்துக் குற்றலாம்; அரிசி வரும், ஆனால் புழுங்கலுக்குப் பதில் பச்சையரிசி. பூவிலும் இதே கதை உண்டு. அந்தோசயனினில் மூன்று முக்கிய வகைகள் இருக்கின்றன. பெலார்கோனிடின் செம்மஞ்சள் கலந்த சிவப்பு, சயனிடின் கருஞ்சிவப்பு முதல் மெஜெந்தா வரை, டெல்பினிடின் ஊதாவும் நீலமும். டெல்பினிடினுக்குப் போக ஒரு தனி நொதியம் வேண்டும். அது இல்லாத செடி வெள்ளையாகாது. சிவப்புப் பக்கத்தோடு நின்றுவிடும். ரோசாச் செடியில் அந்த நொதியம் இல்லை. அதனால்தான் நூற்றாண்டுக்கணக்கில் கலப்புச் செய்தும் தோட்டக்காரர்களால் நீல ரோசாவைப் பெற முடியவில்லை.

நொதியம் பழுதாவது என்றால் என்ன? பரம்பரையலகின் எழுத்தில் ஏற்படும் நிலையான மாற்றத்துக்கு விகாரம் என்று பெயர். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது எப்போதாவது தவறு நேரும். பெரும்பாலான தவறுகளை யாரும் கவனிப்பதில்லை. பூ நிறத்தில் நேர்ந்தால் மட்டும் வீதியால் போகிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ஆட்கள் நல்லவர்கள், மேற்பார்வையாளர்தான் இல்லை

மில்லில் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், இயந்திரமும் ஓடும் நிலையில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வேலையைத் தொடங்கு என்று சொல்லும் மேற்பார்வையாளர் இல்லை. அப்போதும் அரிசி வராது. செடியிலும் இத்தகைய மேற்பார்வைப் பரம்பரையலகுகள் உண்டு. நிறத்தை எந்தப் பாகத்தில், எப்போது, எவ்வளவு ஆக்குவது என்று தீர்மானிப்பவை இவைதான்.

இதற்குப் பேர்போன உதாரணம் பட்டாணி. கிரெகர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில், ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே வந்ததையும், அவற்றின் பிள்ளைகளில் 705 ஊதாவும் 224 வெள்ளையும் வந்ததையும் எழுதினார். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் செடியில் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒன்று நல்லதாக இருந்தாலே நிறம் வந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் வெள்ளை. இப்படி இரண்டும் சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் இயல்பைப் பின்னிடைவானது என்பார்கள். மெண்டலின் வெள்ளைப் பட்டாணியில் பழுதானது எது என்று 2010இல்தான் கண்டுபிடித்தார்கள். அது ஒரு மேற்பார்வைப் பரம்பரையலகு. நொதியங்களில் பிழை இல்லை. (எல்லாச் செடியிலும் கணக்கு இவ்வளவு நேராக வராது. அந்திமந்தாரையில் ஒரு நல்ல பிரதி மட்டும் இருந்தால் நடுத்தர நிறம் வரும்.)

மேற்பார்வை என்பது எவ்வளவு நுணுக்கமாக நடக்கிறது என்று பார்க்க மெண்டலிடம் போகத் தேவையில்லை. விடத்தல் முள்ளுப் பற்றையைப் பார்த்தால் போதும். அதன் பூக்கதிர் தூக்கணம் மாதிரி தொங்கும். மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். மேலே இருப்பவை மலட்டுப் பூக்கள், கீழே இருப்பவை காய்க்கும் பூக்கள். ஒரே செடி, ஒரே வேர், ஒரே மண், ஒரே பரம்பரையலகுத் தொகுதி, ஒரே காம்பு. விரல் நீளக் கதிருக்குள் இரண்டு நிறம் வருகிறது. நிறத்துக்கு மண்தான் காரணம் என்பவரிடம் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

தவறு நொதியத்திலா, இதழின் மேற்பார்வையிலா என்று ஊகிக்க ஒரு வழி உண்டு: தண்டைப் பாருங்கள். அந்தோசயனின் பூவுக்கு மட்டும் உரியது அல்ல. இளந்தளிரிலும் தண்டிலும் சிவப்பாகத் தெரிவதும் அதுவே. பட்டிப்பூவில் இது தெளிவாகத் தெரியும். இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் செடியின் தண்டில் சிவப்பு ஓடியிருக்கும், வெள்ளையாய்ப் பூக்கும் செடியின் தண்டு பச்சை. பூக்குமுன்பே நிறத்தைச் சொல்லிவிடலாம். பட்டிப்பூ நம் காட்டுச் செடி இல்லை, மடகஸ்கரிலிருந்து வந்தது. ஆனால் மணல் வளவுகளில் தானாகவே பரவிக் கிடப்பதால் பார்ப்பது சுலபம். வெள்ளைப் பூச் செடியின் தண்டில் சிவப்பு இருந்தால், ஆக்கும் ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள், இதழில் மட்டும் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: இரண்டு தனிச் செடிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஆண்டுதோறும் அதே இரண்டு நிறத்தில் பூத்தால் காரணம் பெரும்பாலும் பரம்பரையலகு. ஒரு படி நின்றிருக்கலாம், வழி திரும்பியிருக்கலாம், அல்லது மேற்பார்வை இல்லாமல் போயிருக்கலாம்.

சரி, மண்ணுக்கு ஒன்றும் இல்லையா?

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல. நுவரெலியாவில் ஹைட்ரேஞ்சியா பார்த்தவர்களுக்குத் தெரியும்: புளிப்பான மண்ணில் நீலமாகவும், புளிப்புக் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. அது இதழுக்குப் போய் அங்கேயுள்ள அந்தோசயனினோடு சேரும்போது நீலம் வருகிறது. இங்கும் மண் சாயத்தைக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாயம் செடியுடையது, மண்ணிலிருந்து வந்த உலோகம் அதன் தோற்றத்தை மாற்றியது. அலுமினியத்தை இவ்வளவு தாராளமாக உள்ளே எடுக்கும் செடிகள் குறைவு. ஹைட்ரேஞ்சியாவின் வழக்கத்தை எருக்கலைக்கும் வெட்சிக்கும் பொருத்துவதில்தான் பிழை.

அந்தோசயனின் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுவது உண்மை. முன்பு சொன்ன செவ்வரத்தைச் சுடுநீரை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய் பிழியுங்கள், மற்றதில் கொஞ்சம் அப்பச்சோடா போடுங்கள். ஒன்று பளிச்சென்ற சிவப்பாகும், மற்றது பச்சை கலந்து போகும். ஆனால் இந்தப் புளிப்பு புன்வெற்றிடத்தின் புளிப்பு. அதைச் செடியே கட்டுப்படுத்துகிறது. மண்ணில் சுண்ணாம்பு போட்டவுடன் இதழுக்குள் மாற்றம் நடந்துவிடாது.

மண்ணைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை வெயிலும் வெப்பமும். வெளிச்சம் கூடினால் அந்தோசயனின் கூடும். வெப்பம் கூடினால் பொதுவாகக் குறையும். மார்கழி, தை மாத இரவுக் குளிரில் கடும் நிறமாகப் பூத்த செடி, சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் வெளுத்துப் பூத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊதா இளம் ஊதாவாகும், அவ்வளவுதான். கோடையில் முழு வெள்ளையாகி மாரியில் திரும்ப ஊதாவாகும் எருக்கலை என்று யாராவது சொன்னால் முதலில் இரண்டும் ஒரே செடிதானா என்று கேளுங்கள்.

ஒரே கொத்தில் பல நிறம்

நாயுண்ணிக் கொத்தில் நடுவே மஞ்சளும் சுற்றிவர இளஞ்சிவப்பும் இருக்கும். இது இரண்டு வகைப் பூ இல்லை. உள்ளே இருப்பவை புதிதாய் மலர்ந்தவை, வெளியே இருப்பவை முந்தியவை. மஞ்சளாய் மலர்ந்த பூவில் பிறகு அந்தோசயனின் உருவாகி நிறம் மாறுகிறது. மகரந்தம் சேர்ந்துவிட்டால் மாற்றம் இன்னும் விரைவாகும்.

ஏன் மாற வேண்டும்? பிரேசிலில் வாழ்ந்த இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1877இலேயே இதைக் கவனித்து எழுதினார். முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் செம்மஞ்சள், மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகள் ஊதாவைத் தொடுவதை அவர் காணவில்லை; சில வகைகள் முதல் நாள் மஞ்சளுக்கு மட்டுமே போயின. பழைய பூக்கள் உதிராமல் நிற்பதால் கொத்து தூரத்திலிருந்தே பெரிதாகத் தெரியும். கிட்ட வந்த பூச்சி, தேன் உள்ள பூ எது என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளும். இரண்டு பக்கத்துக்கும் இலாபம். நாயுண்ணி அமெரிக்க வெப்ப நிலத்திலிருந்து அழகுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் பற்றைகளை நெரிக்கிற செடி என்பதையும் சொல்லிவைக்கிறேன். பூவைப் புகழ்ந்ததைச் செடிக்கு வக்காலத்து என்று எடுத்துவிடாதீர்கள்.

நம்முடைய மண்ணுக்குரியவற்றிலும் இது உண்டு. வேலிப் பூவரசின் பூ காலையில் வெளிர்மஞ்சள், வாடும்போது மங்கிய செவ்வூதா. கார்த்திகைப்பூவின் இதழ் பச்சை கலந்து தொடங்கி, மஞ்சளும் சிவப்புமாகி, கடைசியில் பெரும்பகுதி சிவப்பாகிவிடும். இது கொடி, பற்றை இல்லை; ஆனாலும் மாரி தொடங்கியதும் பற்றைகளின் மேல் ஏறிப் பூப்பதால் ஒரே கொடியில் எல்லாக் கட்டத்தையும் பார்க்கலாம். இது வயதால் வரும் வேறுபாடு. புகைப்படம் எடுத்து "இரண்டு வகை கார்த்திகைப்பூ" என்று போடுவதற்கு முன் நாலு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வெள்ளை வெட்சி என்று நினைத்தது

காட்டு வெட்சி சிவப்பு. அதே போன்ற கொத்தாக, நான்கு இதழோடு வெள்ளையாகப் பூத்த பற்றையைக் கண்டால் வெள்ளை வெட்சி என்று சொல்லிவிடத் தோன்றும். பல தடவைகளில் அது பாவட்டை. இரண்டும் கோப்பிக் குடும்பம் என்பதால் முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது. இலையைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பாவட்டை இலையில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை நோயல்ல, பக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சுகள். பூவிலும் பாவட்டையின் சூல்தண்டு ஊசி மாதிரி வெகுதூரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கே நிற வேறுபாட்டுக்கு விளக்கம் தேடுவதே வீண். இனமே வேறு.

ஆக, மேலே சொன்ன கேள்வியைக் கேட்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் இனம் ஒன்றுதானா, அடுத்து பூவின் வயது ஒன்றுதானா, அப்புறம் பருவம். இவை எல்லாம் ஒத்துவந்த பிறகும் வேறுபாடு நின்றால் பரம்பரையலகு. மண் இந்த வரிசையில் கடைசிக்கும் பின்னால்தான் வரும்.

பழுதான பிரதி ஏன் இன்னும் இருக்கிறது?

நிறத்தை இழப்பது செடிக்கு நட்டமென்றால் வெள்ளைப் பூக்கள் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. ஒரு காரணம், பூவை நாம் பார்ப்பதுபோல் அதன் வாடிக்கையாளர்கள் பார்ப்பதில்லை. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நமக்குத் தெரியாத புறஊதா அதற்குத் தெரியும். நமக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு அதற்குச் சின்னதாக இருக்கலாம். எருக்கலைக்கு முக்கியமாக வருவது பெரிய கருவண்டு, மரத்தைத் துளைக்கும் தச்சு வண்டு. அது வெள்ளைக்கும் வந்துபோனால் வெள்ளையும் காய்க்கும்.

இன்னொரு காரணம் வெறும் தற்செயல். எருக்கலையின் மகரந்தம் தூளாக உதிராது; சிறு பொதியாக வண்டின் காலில் கொளுவிக்கொண்டு போகும். அதனால் ஒரு காயிலுள்ள விதைகள் பெரும்பாலும் ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள். காய் வெடித்துப் பஞ்சோடு பறந்து ஒரு வெறுங்காணியில் விழுந்தால், அங்கே எழும் கூட்டம் முழுவதும் அந்த ஒரு குடும்பத்தின் நிறத்தோடு இருக்கலாம். 2009 வரையான நீண்ட யுத்தத்தில் கைவிடப்பட்ட வயல்களும் வளவுகளும் வன்னியில் பற்றை மண்டிப் போயின. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வந்து விழுந்த விதை எது என்பதே பின்னால் வரும் நிறத்தைத் தீர்மானித்திருக்கக் கூடும். இதைப் பார்த்து "இந்த மண் வெள்ளைக்கு உகந்தது" என்று முடிவு கட்டுவது சுலபம், ஆனால் அது தவறாகிவிடும்.

மூன்றாவது காரணம் மனிதர்கள். வெள்ளெருக்கைப் பிள்ளையாருக்கு உகந்ததென்று கோயிலடியிலும் வளவிலும் வைத்து வளர்க்கிறோம். காட்டில் தானாகக் குறைந்திருக்கக்கூடிய ஒரு விகாரத்தை நாமே காப்பாற்றுகிறோம்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வெள்ளெருக்கின் விதையை எடுத்துப் போட்டு, வந்தது ஊதாவாகப் பூத்தால் மண்ணைத் திட்டாதீர்கள். வெள்ளை பின்னிடைவானதாக இருந்து, பக்கத்து ஊதாச் செடியின் பொதியை வண்டு கொண்டுவந்து வைத்திருந்தால் பிள்ளை ஊதாவாகத்தான் வரும். தாய்ச் செடியின் தடியை வெட்டி நடுங்கள். தடியில் வளர்வது தாயின் அதே பரம்பரையலகுகள் என்பதால், செம்மண்ணில் நட்டாலும் களியில் நட்டாலும் வெள்ளைதான் பூக்கும்.